மேனேஜரை வெளியே அனுப்பிய சித்தி

கதவு தட்டும் சத்தம் கேட்டால் சித்தி முதலில் நாற்காலியைத்தான் இழுப்பார். அதற்குப் பிறகே கதவுக்குப் போவார். வந்திருப்பது யார், உட்காரப் போகிறவரா, நின்றபடியே பேசிவிட்டுப் போகிறவரா, எதுவும் தெரியாது. ஆனால் சுவரோரம் கிடந்த நாற்காலி கூடத்தின் நடுவுக்கு வந்திருக்கும். சிறு வயதிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். அந்த வீட்டுத் தரையில் நாற்காலிக் கால்கள் இழுபட்டு இழுபட்டு விழுந்த வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன. எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள் பலவகை. தண்ணீர் வடிகட்டி விற்க வந்தவர் உட்கார்ந்திருக்கிறார். மீட்டர் பார்க்க வந்தவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துத் தெருவில் யாரையோ தேடிவந்த ஓர் அம்மா வழி தவறி இங்கே ஏறி, டீ குடித்து, மருமகளைப் பற்றி மனம் விட்டுப் புலம்பி, போக வேண்டிய வீட்டுக்கே போகாமல் நிம்மதியாகத் திரும்பிப் போனார். "வேண்டாம்" என்ற சொல் சித்தியின் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. மிஞ்சிப் போனால் "அப்புறம் பாக்கலாமே" என்பார். அதற்குள் எதிரே இருப்பவர் பையைத் திறந்து பாதியைத் தரையில் பரப்பியிருப்பார்.

சித்தப்பா டயர் கடையில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் கரி படிந்த கையோடு வந்து, கூடத்தில் புதுமுகம் ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வாசலிலேயே ஆரம்பிப்பார்.

"வந்தவனுக்கெல்லாம் நாற்காலி போட்டா வீட்டுக்காரன் நிக்க வேண்டியதுதான்."

"நில்லுங்க. நாள் பூரா குந்தி உக்காந்துதானே டயர் கழட்டறீங்க. நிக்கறது காலுக்கு நல்லது."

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். கல்யாணத்துக்கு முன் சித்தி வீடு வீடாகப் போய் சோப்புத்தூள் விற்றிருக்கிறார். "எல்லாரும் நிக்க வச்சேதான் பேசுவாங்க. தப்பில்ல, அவங்கவங்களுக்கு வேலை இருக்கும். ஒரே ஒரு வீட்டுல உக்காருன்னு சொன்னாங்க. அவங்க தூளும் வாங்கல, ஒண்ணும் வாங்கல. ஆனா இன்னிக்கும் அந்த வீட்டு ஜன்னல் கம்பி என்ன நிறம்னு சொல்லுவேன்." என்ன நிறம் என்று கேட்டதற்கு, "பச்சை. உரிஞ்ச பச்சை" என்றார்.

இப்போது சித்தி செய்வது காது வேலை. நோயாளியைப் பார்த்து முடித்ததும் டாக்டர்கள் ஒலிப்பதிவில் பேசி வைப்பார்கள். என்ன நோய், எத்தனை நாளாக, என்ன மருந்து என்று. அது கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகச் சித்திக்கு வரும். கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பது போல ஒரு மிதி. மிதித்தால் பேச்சு ஓடும், குதிகாலால் அழுத்தினால் பின்னால் போகும். ஹெட்போனின் கறுப்புப் பஞ்சு உறைகளை வாரம் ஒருமுறை சோப்பு போட்டு அலசிக் கொடியில் காயப்போடுவார். சட்டைக்கும் துண்டுக்கும் நடுவில் இரண்டு சின்னக் கறுப்பு வட்டங்கள் கிளிப்பில் தொங்கும். பள்ளிப் படிப்போடு நின்றுபோய், தட்டச்சு வகுப்புக்கு மட்டும் போனவர், மருந்துப் பெயர்களையெல்லாம் காதாலேயே கற்றுக்கொண்டார். டாக்டர்களை அவர் முகம் பார்த்ததில்லை. ஆனால் எல்லாருக்கும் பெயர் வைத்திருக்கிறார். வாக்கியத்துக்கு வாக்கியம் தொண்டையைச் செருமுகிறவர் இருமல் டாக்டர். மூச்சு விடாமல் பேசுகிறவர் ரயில் டாக்டர்.

பெயர்களோடு சரி. அந்த அறைக்குள் கேட்ட ஒரு வார்த்தையும் வெளியே வராது. வேலை நேரத்தில் கதவு சாத்தியிருக்கும். வீட்டில் சித்தி தாழ்ப்பாள் போடும் கதவு அது ஒன்றுதான். சில நாள் வெளியே வந்து தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே இருப்பார், வாய்க்குப் போகாது. யாருக்கோ மோசமான ரிப்போர்ட் என்று எங்களுக்குப் புரியும். ஒருநாள் தன்னை மறந்து, "அந்த மனுஷன் வீட்டுல சொல்லியிருப்பாரோ என்னவோ" என்றார். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லல. நீங்க ஒண்ணும் கேக்கல." சித்தப்பாகூட அன்று கிண்டல் செய்யவில்லை.

அந்த அறையில் சித்திக்குத் துணை ஒரு பூனை. நிஜப் பூனை இல்லை. திரையின் அடிப்பக்கத்தில் நடக்கும் சாம்பல் நிறப் பூனை. மவுஸை அசைத்தால் அம்புக்குறியைத் துரத்தும், சும்மா விட்டால் வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கும். அதைக் கொண்டுவந்தது சித்தியின் ஒரே மகள். நாங்கள் குட்டி என்று கூப்பிடுவோம். பள்ளிக்கூட நாட்களில் குட்டி பூனை வேண்டும் என்று சாப்பிடாமல் அடம்பிடித்தாள். சித்தப்பாவுக்குப் பூனை முடி பட்டால் தும்மல் நிற்காது. குட்டியே எங்கோ தேடி இந்தத் திரைப் பூனையை அம்மாவின் பிரவுசரில் சேர்த்தாள். "இப்போதைக்கு இத வச்சுக்கலாம். பெரிய பரீட்சை முடியட்டும், நிஜப் பூனை வாங்கித் தரேன்" என்று சித்தி சொன்னதாக ஞாபகம். பரீட்சை முடிந்தது. விடுதி, வேலை, வேறு ஊர் என்று குட்டி போய்விட்டாள். பூனை திரையில் தங்கிவிட்டது.

அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது சித்திதான். "நான் வேலை செய்யறேன், அது தூங்குது. வேற என்ன பேரு வைக்கறது?"

குட்டி எப்போது போன் செய்தாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். "மேனேஜர் என்ன பண்றாரு?" சித்தி திரையைப் பார்த்துச் சொல்வார். "தூங்கறாரு." அல்லது "இப்பத்தான் ஒரு ரவுண்டு வந்தாரு." அதன் பிறகுதான் சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் வரும். சில நாள் அதுகூட வராது. குட்டி களைத்திருப்பாள், சித்திக்கு என்ன கேட்பது என்று தெரியாது. மேனேஜரைப் பற்றிப் பேசிவிட்டு இருவரும் போனை வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு நடுவில் கட்டியிருந்த கயிறு, அந்தப் பூனையின் வால்தான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை சித்தியிடமிருந்து எனக்குப் போன் வந்தது. குரலே சரியில்லை.

"ஏண்டி, நீ படிச்சவதானே? கொஞ்சம் வாயேன்."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது தாவரவியல். ஆனால் எங்கள் வீடுகளில் பட்டம் என்பது ஒரே பட்டம்தான். ஃபேன் சுற்றாவிட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள், பத்திரத்தைப் படிக்கவும் கூப்பிடுவார்கள். முதலில் மறுத்துப் பார்த்தேன். பிறகு, தெரியாது என்று சொல்வதைவிட, போகிற வழியில் போனில் தேடிப் படித்துவிடுவது சுலபம் என்று கண்டுகொண்டேன். அன்றும் பேருந்தில் அப்படித்தான் படித்துக்கொண்டு போனேன். இது எந்த அளவுக்கு நேர்மை என்ற கேள்வி உள்ளே இருந்துகொண்டேதான் இருக்கிறது.

சித்தி போனில் சொன்னது இது: வேலை கொடுக்கும் நிறுவனத்திலிருந்து மேற்பார்வை பார்க்கும் பெண் கூப்பிட்டிருக்கிறார். சித்தி டாக்டர்களின் பதிவைத் திறக்கும் பக்கத்தில் வேறு ஏதோ ஒன்று நுழைந்து உட்கார்ந்திருக்கிறது, அங்கே இருப்பதை வெளியே எங்கோ அனுப்புகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். சாயங்காலம் அவர் மறுபடி கூப்பிடுவார். சித்தி திரையைப் பகிர்ந்து, பிரவுசரில் வேண்டாதது எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் கணக்கை மூடிவிடுவார்கள். அதுவரை பதிவு எதுவும் வராது.

நான் போனபோது அறைக் கதவு திறந்திருந்தது. ஹெட்போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. எனக்காக இன்னொரு நாற்காலியை ஏற்கெனவே இழுத்துப் போட்டிருந்தார்.

"வேலை போனா போவுது. நான் எதையாவது உள்ள விட்டுட்டேனாடி? அதச் சொல்லு முதல்ல."

பிரவுசரில் நாம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சின்னச் சின்ன நிரல்களை எக்ஸ்டென்ஷன் என்கிறார்கள். திரையின் மேல்மூலையில் ஒரு புதிர்த்துண்டு போன்ற படம் இருக்கும். அதைத் தொட்டு, நிர்வகிக்கும் பக்கத்தைத் திறந்தேன். திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உருட்டிக்கொண்டே போகிறேன், அடி வரவில்லை. தள்ளுபடி தேடித் தருவது, ஃபைல் வகையை மாற்றித் தருவது, வேகத்தைக் கூட்டித் தருவது, வானிலை சொல்வது, தேட உதவுவது, தேட உதவுவதற்கு உதவுவது. கல்யாணக் கூடம்போல இருந்தது.

"சித்தி, இதெல்லாம் யாரு?"

"எனக்கென்ன தெரியும்? ஒரு பெட்டி வரும். சேர்க்கலாமான்னு கேக்கும். கேக்கறாங்களேன்னு சரின்னு அழுத்துவேன்."

"வேண்டாம்னு ஒரு பொத்தானும் பக்கத்துலயே இருக்குமே?"

"இருக்கும்டி. சின்னதா, வெளுத்துப் போயி, ஓரமா. அத அழுத்த மனசு வராது."

எல்லாமே நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டவை. ஒவ்வொன்றையும் நான் நீக்கப் போகும்போது சித்தி அதற்காகப் பேசினார். "இவன் பாவம், பலதடவ கேட்டான்." "இவன் நல்லவன்டி, குடை எடுத்துக்கிட்டுப் போன்னு சொல்லுவான்." "அன்னிக்கு மழை வந்ததா?" என்றேன். "அது வரல."

நீக்கினால் விட்டுவிடுகிறார்களா? அதுவும் இல்லை. ஒன்றை எடுத்ததும் புதுப் பக்கம் ஒன்று தானாகத் திறந்தது. உடைந்த இதயம் வரைந்து, "நீங்கள் போவதில் வருத்தம். என்ன காரணம்?" என்று கேட்டிருந்தார்கள். நான் மூடப் போனேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்கறாங்கல்ல. பதில் சொல்லாம மூஞ்சியில கதவ சாத்தற மாதிரி இருக்குமே."

"சித்தி, அது ஆள் இல்ல."

"எழுதுனது ஒரு ஆள்தானே?"

மவுஸை அவர் பக்கம் தள்ளினேன். அவர் 'மற்ற காரணம்' என்ற கட்டத்தைத் தொட்டு, "வீட்டில் இடம் இல்லை, மன்னிக்கவும்" என்று தட்டி அனுப்பினார். அடுத்தடுத்து வந்த பக்கங்களுக்கும் அதே பதில்தான். மத்தியானத்துக்குச் சாப்பிட வந்த சித்தப்பா கதவோரம் நின்று பார்த்தார்.

"என்ன நடக்குது?"

"உங்க பொண்டாட்டி எல்லாரையும் வழியனுப்பறாங்க சித்தப்பா."

"அப்படியே இந்த வீட்டுல இருக்கற ஊறுகாய் கம்பெனிக்காரன் குடுத்த நாலு டப்பாவையும் வழியனுப்பச் சொல்லு."

கடைசியில் மூன்று மிஞ்சின. மருந்துப் பெயர்களின் எழுத்துக்கூட்டலைக் காட்டும் அகராதி ஒன்று. அது வேலைக்கு வேண்டும். திரை வெளிச்சத்தைக் குறைத்துக் கண்ணுக்கு இதமாக்குவது ஒன்று. அப்புறம் மேனேஜர். மேனேஜரின் படத்தின் மீது என் அம்புக்குறி போனபோதே சித்தி சொல்லிவிட்டார், "அது குட்டியோடது." நானும் அதைத் தாண்டிப் போய்விட்டேன். பூனைதானே.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, எது வேண்டுமானாலும் தேடிப் பாருங்கள் என்றேன். சித்தி ஒரு மாத்திரையின் பெயரைத் தட்டினார். முகவரிப் பட்டையில் எங்களுக்குத் தெரியாத ஒரு முகவரி கண்ணிமைக்கும் நேரம் வந்து மறைந்தது. பிறகு பக்கம் நிறைய விளம்பரத்தோடு வேறு ஏதோ தேடல் பக்கம் திறந்தது.

"இது இப்பல்லாம் இப்படித்தான் போவுது. நெட்டு மெதுவா இருக்குன்னு நெனச்சேன்" என்றார்.

ஆக, உள்ளே இன்னும் ஒருவர் இருக்கிறார். மூன்றையும் நீக்காமல், அவற்றின் பக்கத்தில் இருக்கும் பொத்தானைத் தள்ளி அணைத்துவைத்தேன். தேடினால் ஒழுங்காகப் போனது. அகராதியை மட்டும் உயிர்ப்பித்தேன். ஒழுங்காகப் போனது. கண்ணுக்கு இதமானதை உயிர்ப்பித்தேன். அதுவும் ஒழுங்கு. இனி எதைப் போட வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்தது. என் விரல் அசையவில்லை. சித்தி கையை நீட்டி அவரே தள்ளினார். மேனேஜர் திரையின் அடியில் வந்து நின்று சோம்பல் முறித்தது. சித்தி மாத்திரைப் பெயரைத் தட்டினார். அந்தத் தெரியாத முகவரி மின்னி மறைந்தது.

மரத்தின் மீது வளரும் செடிகளில் இரண்டு வகை உண்டு என்று முதலாண்டிலேயே படித்திருக்கிறேன். சில சும்மா கிளைமேல் உட்கார்ந்து காற்றையும் மழையையும் குடிக்கும். சில வேரை மரத்துக்குள் இறக்கி அதன் சாற்றை உறிஞ்சும். பூவைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஒட்டிய இடத்தைக் கீறித்தான் பார்க்க வேண்டும். பரீட்சையில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான் நான். ஆனாலும் பூவைப் பார்த்துத் தாண்டிப் போயிருந்தேன்.

இப்போது விவரப் பக்கத்தைத் திறந்தேன். நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கலாம், மாற்றலாம் என்று அனுமதி இருந்தது. உருவாக்கியவர் என்ற இடத்தில் ஏதோ விளம்பர நிறுவனத்தின் பெயர்.

"சித்தி, குட்டி போட்டப்போ இதுக்கு இவ்வளவு அனுமதி இருந்திருக்காது. நடுவுல ஏதாவது கேட்டுச்சா?"

அவர் யோசித்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"போன மழைக்காலத்துல ஒரு நாள் மேனேஜரக் காணோம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. குட்டி கேட்டா என்ன சொல்றதுன்னு. மேல பாத்தா, புது அனுமதி வேணும், குடுத்தாத்தான் திரும்ப வரும்னு போட்டிருந்தது. குடுத்தேன். உடனே வந்துட்டான். எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

பேருந்தில் படித்ததிலிருந்து எனக்கு விளங்கியது இதுதான். பூனையைச் செய்தவர் அதை விற்றிருக்கலாம். வாங்கியவருக்குப் பூனை வேண்டியதில்லை, பூனை உட்கார்ந்திருக்கும் திரைகள்தான் வேண்டும். அதைச் சொன்னேன். சித்தி நெடுநேரம் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தூங்க ஆரம்பித்திருந்தது.

"அப்ப நான் கேட்டதையெல்லாம் அவனும் படிச்சானா?"

"எல்லாத்தையும்னு சொல்ல முடியாது சித்தி. யாரும் உக்காந்து வாசிக்க மாட்டாங்க. மெஷின்தான் எடுத்துக்கும். விளம்பரத்துக்காக இருக்கும்."

"படிச்சிருக்க முடியுமா, முடியாதா?"

"முடியும்."

அவர் எழுந்து போய் அறையின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். "இத சாத்திட்டு உக்காந்திருந்தேன்டி. பெத்த பொண்ணக்கூட உள்ள விடாம. இவன் மடியில உக்காந்துகிட்டே..."

எனக்கு அப்போது அந்தப் பூனையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. வழியும் இருந்தது. ஒரே ஒரு தளத்தில் மட்டும் ஓடும்படி அதன் அனுமதியைச் சுருக்கலாம். இல்லையென்றால் வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று பிரவுசரில் இரண்டு தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். "வேலை பாக்கறப்போ இருக்காது. குட்டி போன் பண்ணறப்போ மட்டும் திறந்து பாத்துக்கலாம்" என்றேன். சொல்லும்போதே என் குரல் விற்க வந்தவர் குரல்போல இருந்தது.

"வேணாம்."

அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அவங்க டாக்டர்கிட்ட மட்டும்தானே சொன்னாங்க? கட்டினவகிட்டகூட சொல்லாதத. நான் கேட்டதே டாக்டருக்காகக் கேட்டது. தெரிஞ்சதுக்கு அப்புறமும் அவனுக்கு ஒரு ஓரத்துல இடம் குடுத்தா, அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுகிட்டு அந்த ஹெட்போன மாட்டறது?"

மவுஸை அவரே வாங்கிக்கொண்டார். நீக்கு என்பதை அழுத்துமுன் அம்புக்குறியைக் கொஞ்ச நேரம் திரையின் அடியில் இங்கும் அங்கும் ஆட்டினார். மேனேஜர் விழித்து, துரத்தி, தாவி, வழுக்கி விழுந்தது. "போதும் போ" என்று சொல்லிவிட்டு அழுத்தினார். திரையின் அடிப்பக்கம் வெறுமையாகிவிட்டது. புதுப் பக்கம் திறந்தது. கண்ணீர் விடும் பூனை, கீழே அதே கேள்வி. சித்தி கட்டத்தில் தட்டினார். "பூனை அழகாக இருந்தது. என் மகள் கொண்டுவந்தது. ஆனால் மற்றவர் நோயைத் திருடுவது பாவம். நீங்களும் ஒருநாள் நோயாளியாவீர்கள், அப்போதும் யாரும் உங்களுடையதைப் படிக்காமல் இருக்கட்டும்." இந்த முறை அது ஆள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் அனுப்பிவிட்டு, தானே பக்கத்தை மூடினார்.

அவருடைய கடவுச்சொற்களை மாற்றினோம். தேடல் பக்கத்தைப் பழையபடி வைத்தோம். சாயங்காலம் மேற்பார்வைப் பெண் கூப்பிட்டார். சித்தி திரையைப் பகிர்ந்தார். அந்தப் பெண் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இப்ப சுத்தமா இருக்கு மேடம். ஏதோ புதுசா வந்து ஒட்டியிருக்கும், இல்லையா? அப்படியே எழுதிக்கறேன்" என்றார். நான் வேகமாகத் தலையாட்டினேன், ஆமாம் என்று சொல்லுங்கள் என்று. சித்தி என்னைப் பார்த்தார்.

"இல்லம்மா. பூனை மாதிரி ஒண்ணு, பல வருஷமா இருந்தது. போன மழைக்காலத்துல அது புதுசா அனுமதி கேட்டுச்சு. நான்தான் குடுத்தேன். அப்போலேர்ந்து வந்த ரிப்போர்ட் எல்லாத்தையும் நீங்க பாக்கணும்."

அந்தப் பெண்ணின் குரல் மாறியது.

"மேடம், இத நீங்க சொன்னா நான் மேல சொல்லணும். கணக்கத் திறக்க முடியாது. எப்பன்னும் சொல்ல முடியாது."

"சொல்லுங்க. அதுக்குத்தானே சொல்றேன்."

அந்த நாட்களில் சித்தி ஹெட்போன் உறைகளைத் தினமும் அலசினார். யாரும் பேசாத ஹெட்போன். சித்தப்பா கடையிலிருந்து சீக்கிரம் வந்து, கூடத்து நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கு விருந்தாளி நான்தான். ஒரு டீ கிடைக்குமா?" என்றார்.

குட்டியின் போன் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு சித்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, மேனேஜர் என்ன பண்றாரு?"

"தூங்கறாரு" என்றார் சித்தி. பழக்கம் பேசிவிட்டது. கை கீரைமேல் நின்றுவிட்டது. பிறகு, "இல்லடி. இல்ல. அனுப்பிட்டேன்."

"என்னது?"

சித்தி சொன்னார். ஒழுங்காகச் சொல்லவில்லை. ஊறுகாய் டப்பா வந்தது, மழைக்காலம் வந்தது, இருமல் டாக்டர் வந்து உடனே நிறுத்தப்பட்டார். குட்டி குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் கேட்டாள், "நீயா? நீயா அனுப்பின? வந்தவங்கள?"

"நான்தான்."

"அக்கா, பக்கத்துல இருக்கியா? இவங்க எங்க அம்மாதானா, நல்லா பாத்துச் சொல்லு."

"உங்க அம்மாதான். ஆனா பதில் எழுதிப் போட்டுட்டுத்தான் அனுப்பினாங்க" என்றேன்.

குட்டி சிரித்தாள். சிரிப்பு நடுவில் எங்கோ திரும்பிவிட்டது, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சித்தி போனைக் கையில் எடுத்து ஒலிபெருக்கியை அணைக்கத் தேடினார், பொத்தான் அகப்படவில்லை.

"கோவமாடி?"

"கோவமில்லம்மா. இனிமே போன் பண்ணா முதல்ல என்ன கேக்கறதுன்னு யோசிக்கறேன்."

"நான் எப்படி இருக்கேன்னு கேளு."

"நீ நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவ. மேனேஜர்தான் உண்மையச் சொல்லும். அது துள்ளிச்சுன்னா நீ வேலையில இருக்க. தூங்கிச்சுன்னா நீ எங்கயோ பாத்துகிட்டு உக்காந்திருக்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

நான் கீரைத்தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ தடவை அந்தக் கேள்வியைப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். பேச ஒன்றும் இல்லாததால் பூனையைப் பற்றிக் கேட்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"சரி, அத விடு" என்றாள் குட்டி. குரலில் பழைய அடம் வந்திருந்தது. "அப்ப எனக்கு ஒரு பூனை பாக்கி இருக்கு. நிஜப் பூனை. பரீட்சை முடிஞ்சு எவ்ளோ காலம் ஆச்சு? மறந்துட்டேன்னு நெனைக்காத."

நான் சித்தியைப் பார்த்தேன். வழக்கமான "அப்புறம் பாக்கலாமே" வரும் என்று காத்திருந்தேன். "ஆமா, பாக்கிதான்" என்றார் அவர்.

சில வாரங்கள் கழித்து மேற்பார்வைப் பெண் கூப்பிட்டார். பழைய ரிப்போர்ட்களைச் சோதித்துவிட்டார்களாம். சம்பந்தப்பட்டவர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டார்களாம். கணக்கு திறந்தது, கொஞ்ச காலத்துக்கு வாராவாரம் திரையைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. முதல் பதிவு ரயில் டாக்டருடையது. சித்தி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதையும், மிதியில் கால் வைத்ததையும் வெளியிலிருந்து கேட்டேன்.

பெட்டி வந்து கேட்டால் இப்போது அந்த வெளுத்துப்போன சின்னப் பொத்தானைத் தேடி அழுத்துகிறார். அழுத்தும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறார். நானோ, வேலைக்கு விண்ணப்பம் போடும் பக்கங்களில் 'படித்தேன், ஏற்கிறேன்' என்பதைப் படிக்காமலே அழுத்திக்கொண்டிருக்கிறேன். கதவு தட்டினால் சித்தி இன்னும் நாற்காலியைத்தான் முதலில் இழுக்கிறார். அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை.

பூனை இன்னும் வரவில்லை. குட்டி தங்கியிருக்கும் இடத்தில் பிராணிகள் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். இங்கே சித்தப்பாவின் தும்மல் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் போன் வந்தால் முதல் கேள்வி மாறிவிட்டது.

"என் பூனை எங்க?"

"வருது, வருது. வழியில இருக்கு."

"நீ எப்படி இருக்க?" என்பது அடுத்து வந்துவிடுகிறது.

சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில், ஊறுகாய் டப்பாக்களுக்குப் பக்கத்தில், அகலமான சின்னக் கிண்ணம் ஒன்று புதிதாகக் கவிழ்ந்திருக்கிறது. பால் ஊற்றி வைக்கிற அளவு. போன வாரம் சித்தப்பா அதில் சட்டைப் பொத்தான்களைப் போட்டு வைக்கப் பார்த்தார். சித்தி பிடுங்கிக் கழுவி, மறுபடியும் கவிழ்த்து வைத்தார்.

"அது யாருக்கு சித்தி?" என்று கேட்டேன், தெரிந்தே.

"அது அட்வான்ஸ்" என்றார். "மிச்சம்தான் இன்னும் குடுக்கல."